ஸ்பானிஷ் டீச்சர் மேல் புகார்

மேஜைக்குப் பின்னால் தலைமையாசிரியர், ஜன்னலோரம் எழுத்தர், எதிர் நாற்காலியின் நுனியில் அவள்.

“மூணாம் வகுப்புக்கு ஸ்பானிஷ் எடுக்கிற டீச்சரை மாத்துங்க சார்! சொல்லித்தர்றது அத்தனையும் தப்பு.”

“பெற்றோர் யாரும் குறை சொல்லலையேம்மா?”

“அவங்களுக்குத் தெரிஞ்சாத்தானே சொல்வாங்க? ஸ்பானிஷ் தாய்மொழியா உள்ள குழந்தை ஒண்ணு புதுசா சேர்ந்திருக்கு. அது திருத்தினா, மத்த பிள்ளைங்க அதைத்தான் கேலி பண்ணுதுங்க. வயிறு எரியுது!”

“எப்படியாவது சமாளிங்கம்மா.”

“முடியாது. மேலதிகாரிக்கே எழுதுறேன்.”

எழுத்தர் சிரித்தார். “யார் மேல புகார்? உங்க மேலேயேவா?”

“ஆமா! கணக்கு டீச்சரை ஸ்பானிஷ் நடத்தச் சொன்ன சார் மேலேயும்தான்.”

அங்கேயே எழுதிக் கையெழுத்திட்டாள். எழுத்தர் கை நீட்டியும் கொடுக்காமல், உறையை ஒட்டித் தானே தபால் பெட்டியில் போட்டுவிட்டு வகுப்புக்குப் போனாள்.