இரண்டாம் பக்கம்

மலேசியாவின் கோலசிலாங்கூர் மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் மத்தியான வெயில் கண்ணாடிச் சன்னல் வழியாக மேசைவரை வந்து கிடக்கிறது. தோட்ட நிர்வாகம் அனுப்பிய ஆங்கில அறிவிப்பில் முதல் பக்கத்தையும் மூன்றாம் பக்கத்தையும் மட்டும் லீலாவதியிடம் வைத்துவிட்டு, முதலாளி சலாவுதீன் தன் அறைக்குள் போய்விட்டார். நடுப்பக்கம் எதிர்மேசை மெகராஜ் பேகத்திடம் இருக்கிறது. ஒரே அறிவிப்பை இப்படிப் பிய்த்துக் கொடுக்கும் வழக்கம் இங்கே கிடையாது. முதல் பக்கத்தில் லீலாவதி பிறந்து வளர்ந்த தோட்டத்தின் பெயரும், தொழிலாளர்களின் நீண்டகால உழைப்புக்கு நன்றியும் இருக்கின்றன. மூன்றாம் பக்கத்தில் கையெழுத்து மட்டும்தான். எதற்கு இந்த நன்றி? தோட்டத்து ஆட்களிடம் அவள் முன்கூட்டியே போய்ச் சொல்லிவிடுவாள் என்று பயப்படுகிறார்களா? அவள் தண்ணீர் குடிக்க எழுந்தால் மெகராஜின் டைப்ரைட்டர் சட்டென்று நிற்கிறது. முக்காட்டை இழுத்துவிடுகிற சாக்கில் முழங்கை தாளின்மேல் விழுகிறது. முதலாளி அறையின் கதவு ஒரு விரற்கடை திறந்தே இருக்கிறது. "என்னக்கா, கஷ்டமான சொல்லா? நான் பாக்கட்டா?" என்கிறாள் லீலாவதி. "ஒண்ணுமில்ல லா, நீ ஒன் வேலயப் பாரு." டைப்ரைட்டர் மறுபடி தட்டுகிறது, தயங்குகிறது, நின்றே போகிறது. மெகராஜ் தலை நிமிராமல், கதவுக்குக் கேட்காத குரலில் கேட்கிறாள்: "லீலா, ஒங்கம்மா இன்னும் தோட்டம் குடுத்த அந்த லயத்து வீட்டுலதான் இருக்காங்களா?"