மூலைப் புனல்

"என்னைப் பொய் எழுதச் சொல்றியா?"

அக்கா போட்ட சத்தத்தில் தம்பி ஆய்வுக்கூட வாசலிலேயே நின்றுவிட்டான். மூலைப் புனலின் ஜில்லென்றிருந்த தகர மூடியில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மறு கையால் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள் அவள். ஸ்பிரிட் பளிச்சென்று இருந்தது. ஒரு பூச்சி இல்லை, ஒரு புழு இல்லை.

"பொய் வேண்டாங்க்கா. இன்னொரு தடவ வெச்சுப் பாருன்னுதான் கெஞ்சறேன்."

மண்ணுக்குள் என்னென்ன உயிர் இருக்கிறது என்று பார்த்து எழுதுவது அவள் உத்தியோகம். புனலில் மண்ணைப் போட்டு, உள்ளே பல்பு பொருத்திய தகர மூடியால் அடைத்து, ஐந்து நாள் எரிய விடுவாள். சூடு பொறுக்காத குட்டி ஜீவன்கள் தப்பித்தோம் பிழைத்தோம் என்று கீழே இறங்கி, அடியிலிருக்கும் ஸ்பிரிட் புட்டிக்குள் விழும், பாவம்.

ஆபீசுக்கு வரும் மண்ணுக்கெல்லாம் மேஜைமேல் வரிசையாகப் புனல்கள் உண்டு. தம்பி மண் சொந்த விஷயமாயிற்றே! மகா நியாயஸ்தி, அதை மட்டும் கதவோர மூலையில் கிடந்த பழைய புனலில் வைத்தாள்.

மூன்று வருஷமாக மருந்து அடிக்காமல், சாணியும் சருகுமாகக் கொட்டி அந்தத் தோட்டத்தைப் பிள்ளை மாதிரி பார்த்தவன் அவன். சோதனையில் மண்ணில் உயிர் இல்லை என்றால் செங்கல் சூளைக்கு அள்ளக் கொடுத்துவிட வேண்டும் என்று பெண்டாட்டி கெடு வைத்திருந்தாள்.

"சூளைக்காரன் நாளைக்கு மிஷினோட வரான்க்கா. மண்ணு வாசனை எவ்வளவு நல்லா வருது, மோந்து பாரேன்!"

"மூக்கை வெச்சு ரிப்போர்ட் எழுத முடியாது. ஊருக்கெல்லாம் ஒரு தடவ, உனக்கு மட்டும் ரெண்டு தடவையா? தம்பின்னா கொம்பா முளைச்சிருக்கு? செத்த மண்ணைக் கட்டிக்கிட்டு அழாம போய் வேற பொழப்பைப் பாரு."

 அவன் ரிப்போர்ட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான். அவன் தெருவில் மறையும்வரை அவள் வாசலில் நின்று பார்த்தாள். ஆனாலும் கடமை தவறவில்லை என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள்.

திங்கட்கிழமை போன் வந்தது.

"அள்ளியாச்சுக்கா. முழங்கால் ஆழம். அடியில பாறைதான் தெரியுது."

அவ்வளவுதான், வைத்துவிட்டான். அவள் கொஞ்சநேரம் அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மூலைப் புனலைக் கழுவ எடுத்தபோது, கையில் சார்ஜரோடு வாட்ச்மேன் வந்து தயங்கி நின்றார்.

"மேடம், இந்த பல்பு ஒயரைப் பிடுங்கிட்டு போனுக்கு சார்ஜ் போட்டுக்கவா?"

"தாராளமா போட்டுக்கங்க. அதுக்கு எதுக்கு இவ்வளவு தயக்கம்?"

"போன வாரம் பூரா உங்களக் கேக்காமலே பிடுங்கிப் போட்டிருந்தேன் மேடம், மனசு உறுத்துச்சு."