கல்திட்டைக்கு வழி

“இந்தப் போர்டை எழுதினவனை இன்னிக்கு விடப்போறதில்லை,” என்றபடி கணவர் காரை நிறுத்தினார்.

பாதை ஒரு வீட்டு வாசலோடு முடிந்திருந்தது. அதற்கு அப்புறம் கடல்தான்.

‘கல்திட்டை’ என்று எழுதி இடது பக்கம் அம்புக்குறி போட்டிருந்த பலகையை நம்பி வந்திருந்தார்கள். மூவாயிரம் வருஷத்துக்கு முன்னால், செத்துப்போன யாருக்காகவோ யாரோ தூக்கி நிறுத்திய நாலு கல். மேலே ஒரு மூடுகல். காலையில் இடிந்த கோட்டையையும் பழைய துறைமுகத்தையும் பார்த்தாகிவிட்டது. பாக்கி இது ஒன்றுதான். அலை ஏறிவிட்டால் அங்கே போகிற பாதை தண்ணீருக்குள் போய்விடும்.

“மூவாயிரம் வருஷம் நின்ன கல்லு, நமக்காக அரை மணி நேரம் நிக்காதா?” என்றாள் மனைவி.

“கல்லு நிக்கும். கடல் நிக்காது.”

அவர் தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தப்பு கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்கியவர். வழி பிரியும் இடத்திலேயே பலகையைப் படம் எடுத்து வைத்திருந்தார்.

வீட்டிலிருந்து ஒரு பெரியவர் வெளியே வந்தார். சட்டையில் ஒரு பித்தான் மாறிப் போட்டிருந்தது.

“கல்திட்டைதானே? அது வலது பக்கப் பாதை. வாங்க, டீ குடிச்சிட்டுப் போகலாம். அலை ஏற இன்னும் நேரமிருக்கு.”

“அவ்வளவு நிச்சயமாச் சொல்றீங்க?”

“கலங்கரை விளக்கத்துல வேலை பார்த்தவன் சார். அப்போ கப்பலுக்கு வழி காட்டினேன். இப்போ காருக்கு.”

மனைவி சிரித்துவிட்டாள். கணவர் வேறு வழியில்லாமல் உள்ளே போனார்.

பெரியவரே அடுப்பைப் பற்றவைத்தார். பால் பொங்குவதற்குள் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், யார் எங்கே வேலை என்று எல்லாம் கேட்டு முடித்தார்.

“இப்படித் தினமும் வழி மாறி வருவாங்களா?” என்றாள் மனைவி.

“வராத நாள் குறைவு. லீவு நாள்னா கேக்கவே வேண்டாம். என் மக, தன்கூட வந்து இருக்கச் சொல்றா. நான் போயிட்டா இவங்களுக்கெல்லாம் யாரும்மா வழி சொல்றது?”

கணவர் போனை எடுத்தார். “கவலையை விடுங்க. போர்டுலயே புகார் நம்பர் இருக்கு. படத்தோட அனுப்பிடறேன். நாளைக்கே சரியாயிடும்.”

நீட்டிய டம்ளர் பெரியவர் கையிலேயே நின்றது.

“வேண்டாம் சார்.”

“ஏன்?”

“அதை எழுதினது என் மச்சினன். சாலை ஆபீஸ்ல வேலை. பொறந்ததிலேருந்தே அவனுக்கு இடது வலது குழப்பம். செருப்பைக்கூட மாத்திப் போட்டுக்கிட்டு நிப்பான். ஏற்கெனவே ஒரு மெமோ வாங்கியாச்சு. இன்னொரு புகார் போச்சுன்னா வேலை போயிடும்.”

“அப்போ நீங்களே அவர்கிட்டச் சொல்லலாமே.”

“நாங்க பேசறதில்லை. என் மனைவி இறந்த அன்னிக்கு எங்களுக்குள்ள வார்த்தை தடிச்சுப் போச்சு.” டம்ளரைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “அதுக்காக அவன் வயித்துல அடிக்கலாமா?”

கணவர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். கண்ணில் பட்ட தப்பை எழுதாமல் விட்டது அவருக்கு அதுவே முதல் தடவை.

டீயைக் குடித்துவிட்டு வந்த வழியே திரும்பியபோது, வழி பிரியும் இடத்தில் ஏணி போட்டு ஒருவர் பலகைக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார்.

“அவரேதான் போலிருக்கு. பக்குவமாச் சொல்லுங்க,” என்றாள் மனைவி.

கணவர் இறங்கிப் போனார். “தம்பி, தப்பா நினைக்காதீங்க. அம்புக்குறி வலது பக்கம் காட்டணும். நான் யார்கிட்டயும் சொல்லலை. நீங்களே சத்தமில்லாம மாத்திடுங்க.”

“தெரியும் சார்.”

பிரஷ் நிற்கவில்லை. அதே இடது பக்க அம்புக்குறியின் மேலேயே இன்னொரு பூச்சு போய்க்கொண்டிருந்தது.

“தெரிஞ்சுமா?”

“போன தடவை மெமோ வந்ததும் சரியாத்தான் எழுதினேன். அந்த வாரம் பூரா அந்தப் பக்கம் ஒரு வண்டி போகலை. திரும்ப மாத்திட்டேன்.” ஏணியிலிருந்து இறங்கி வந்தார். “வீட்டுக்குள்ள கூப்பிட்டாரா?”

“கூப்பிட்டார்.”

“டீ குடுத்தாரா, வெறும் தண்ணியா?”

“டீதான். அவரே போட்டார்.”

“அடுப்புகிட்ட நிக்க முடியுதுன்னா மூச்சு வாங்கலை.” அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. “நேத்து வந்தவங்க, தண்ணிதான் குடுத்தார்னாங்க. ராத்திரி தூக்கமே இல்லை.”

மனைவி காரிலிருந்தே கேட்டாள். “இத்தனை கவலைப்படறீங்களே. ஒரு நடை நீங்களே போய்ப் பார்த்துட்டு வரக் கூடாதா?”

அவர் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“நான் போனா கதவைச் சாத்திடுவார்மா. வழி தவறி வர்றவங்களுக்குத்தான் அது திறக்குது.”