ஊசி தொடாத குடம்

ஊசி குடத்தின் கழுத்தைத் தொட்டதும் முதலில் மழை பெய்தது.

முற்றத்தில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மழை பெய்தது ஆத்மநாதனின் கருவியில் பொருத்தியிருந்த பித்தளைக் குழாய்க்குள்.

ஆத்மநாதன் பெங்களூரில் விஞ்ஞானம் படித்தவர். ஈரக் குடம் சக்கரத்தில் சுற்றும்போது, கழுத்தோரம் மூங்கில் சிம்பால் இழுக்கிற வரியில், பக்கத்தில் எழும் சத்தமெல்லாம் பதிந்துவிடுகிறது என்றார். சூளையில் வெந்த பிறகும் அழியாதாம்; ஊசி பட்டால் திரும்பக் கேட்குமாம்.

"சாமி மண்ணுங்க. ஊசியால கீறாதீங்க," என்றார் ஆண்டிச்சாமி வேளார். குடம் வனைகிறவரும் அவர்தான், அய்யனார் கோயில் பூசாரியும் அவர்தான்.

"சாமி இல்லை வேளாரே, காற்றின் அதிர்வு."

"சாமியோ காத்தோ, எனக்குப் பேரு வந்தாச் சரி," என்று சிரித்தார் இன்ஸ்பெக்டர்.

நாற்பத்திரண்டு ஆகஸ்ட் கலவரத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்தவர்களின் பேர். அதற்காகத்தான் சமஸ்தானம் இந்தக் கருவியை வண்டி கட்டி அனுப்பியிருந்தது.

வேளாரின் மகன் சேவுகனும் அவர்களில் ஒருவன் என்பது ஊருக்கே தெரியும். அன்றிலிருந்து அவன் வீட்டில் இல்லை. கட்டுமாவடியில் தோணி ஏறி இலங்கைக்குப் போய்விட்டான் என்று வேளார் மனைவியிடம் சொல்லியிருந்தார்.

மழை விட்டது. குழாய்க்குள் சக்கரம் கரகரவென்று சுற்றியது. பிறகு சேவுகனின் குரல்.

"ஆத்தா, கஞ்சி இருக்கா?"

"இந்தா வாரேன் ராசா," என்று அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள் வேளாரின் மனைவி முனியாயி.

போலீஸ்காரர்களைப் பார்த்த பிறகுதான் நின்றாள். கையில் அகப்பை இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. ஆத்மநாதன்கூட ஊசியைத் தூக்கிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

இன்ஸ்பெக்டர் சுவரோரம் இருந்த பெரிய குடத்தைக் காட்டினார். "அடுத்து அது."



அதை வனைந்த சாயங்காலம்தான் தண்டவாளத்தைப் பெயர்த்தவர்கள் எல்லோரும் சக்கரத்தைச் சுற்றி உட்கார்ந்து திட்டம் போட்டார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டு ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டார்கள். மற்றவர்கள் இப்போதும் இதே தெருவில்தான் பிள்ளைகுட்டிகளோடு இருக்கிறார்கள். அன்று அவர்களுக்கு மோர் கரைத்துக் கொடுத்தவள் முனியாயி.

அதிகம் பேசியவன் சேவுகன். அவன் குரல் இனி வேண்டுமென்றால், அவ்வளவும் அந்தக் குடத்தில்தான்.

"நான் கொண்டாரேங்க," என்றாள் முனியாயி.

"பாத்துத் தூக்கும்மா, பத்திரம்," என்றார் இன்ஸ்பெக்டர்.

எந்நாளும் இடுப்பில் குடம் வைக்கிறவள், அன்று அதை இடது தோளில் தூக்கி வைத்தாள். கொஞ்ச நேரம் அதன் வாயில் காதைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு வாசலைப் பார்த்துத் திரும்பி, கையை விட்டாள்.

குடம் அவள் முதுகுக்குப் பின்னால் விழுந்து சிதறியது.

இன்ஸ்பெக்டர் கத்தினார். ஆத்மநாதன் மண்டியிட்டு ஓடுகளைப் பொறுக்கினார். முனியாயி திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கி, கண்மாயை நோக்கி நடந்தாள்.

ஊரில் எந்தச் சாவுக்கும் கொள்ளிக்குடம் கொடுக்கிறவர் வேளார். சுடுகாட்டில் அதைத் தோளிலிருந்து பின்னால் போட்டு உடைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் குளிக்கப் போவார்கள் என்று அவருக்குத் தெரியாதா?

தண்டவாளத்தோரம் குண்டடிபட்டுக் கிடந்த மகனை யாருக்கும் தெரியாமல் புதைத்துவிட்டு வந்தவர் அவர்.

அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.