புதன்கிழமைச் சங்கு

கிட்ட வாங்க கண்ணுகளா, அமெரிக்காவின் கொலம்பஸ் நகரத்து மதியம் ஒன்றைக் காட்டுகிறேன். சாப்பாட்டுக் கடையின் பின்னறையில் தன் குழந்தை தூங்க, வெர்னா காபி ஊற்றுகிறாள். ஊரெங்கும் சூறாவளி எச்சரிக்கைச் சங்கு அலறுகிறது. ஒருவரும் தலை தூக்கவில்லை. "புதன்கிழமை மதியம்னா சோதிச்சுப் பார்க்க ஊதுறதுதானே. ஏம்மா ஜன்னலையே பார்க்கிறே? காபி எனக்கா, என் சட்டைக்கா?" என்று கிழவர் ஆர்வில் சிரிக்கிறார். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் பாசித் தண்ணீராகப் பச்சை பூத்திருக்கிறது. மின்கம்பிகளில் ஒரு குருவி இல்லை. கம்பத்துக் கொடி அசையவில்லை, மேசைக் கரண்டிகள் மட்டும் கிணுகிணுக்கின்றன. "வானம் இப்படி இருந்தா சோதனைச் சங்கு ஊதமாட்டாங்களே, பெரியவரே," என்கிறாள் வெர்னா. சிரிப்பு நிற்கிறது. குழந்தையை அள்ளிக்கொண்டு அவள் நிலவறைப் படியில் இறங்க, எல்லோரும் பின்னால் இறங்குகிறார்கள். மேலே சங்கு ஓய்கிறது. ஓய்ந்த பிறகும் ஏதோ ஒன்று ஊதிக்கொண்டே நெருங்குகிறது. உங்கள் வீட்டுக் கூரை உங்கள் பிள்ளைகளின் தலைக்குமேல் என்றும் நிலைக்கட்டும்.