பிரஜாவுரிமை கேட்ட சிப்பாய்

மனு தள்ளுபடியானால், பிறந்த தேயிலைத் தோட்டத்தை விட்டு, கண்ணால் பார்த்திராத இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டியதுதான். அந்தப் பயத்தோடுதான் பேச்சாயி தன் புருஷன் சடையனை அட்டனில் நடந்த இலங்கைப் பிரஜாவுரிமை விசாரணைக்குக் கூட்டி வந்திருந்தாள்.

"எங்க பொறந்த?" என்று அதிகாரி கேட்டார்.

சடையன் சுவரையே வெறித்தான்.

"நம்ம தோட்டத்துலதாங்க ஐயா. இவரு அப்பாவும் இங்கதாங்க," என்றாள் பேச்சாயி.

"அவனுக்கு வாய் இல்லையா? கை எங்க?"

"சண்டையில போச்சுங்க. காலையில வேலைக்குப் பேரு கூப்புடுற பெரட்டுக்களத்துல வச்சுத்தான் தொரை வெள்ளக்காரப் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தாரு. எகிப்துல கண்ணிவெடிங்க. இன்னமும் யாராச்சும் கதவ அடிச்சுச் சாத்துனா, கட்டிலுக்கு அடியில பூந்துக்கிறாரு. புள்ளைங்க பயந்து கத்துதுங்க."

அதிகாரி முதன்முறையாக நிமிர்ந்து சடையனைப் பார்த்தார். "அடப்பாவமே! எத்தனை வருஷம் இருந்தான்?"

அந்தக் குரலின் கனிவில் பேச்சாயிக்கு உயிர் வந்தது.

"முழுசா மூணு வருஷம்! பெத்த ஆத்தா செத்ததுக்குக்கூட வரலங்க. ஒரு நாளு லீவு எடுக்கல. இந்தாங்க, பட்டாளத்துக் காயிதம்."

அவர் அதைத் தேதி தேதியாக விரலோட்டிப் படித்தார். பிறகு மனுவோடு பத்திரமாகக் குத்திவிட்டு, குமாஸ்தாவிடம் சொன்னார்:

"எழுதிக்கொள்ளும். மனுதாரர் இந்நாட்டில் தொடர்ந்து வசிக்கவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவருக்கு உரிமை இல்லை. மூன்று வருஷம் இருந்ததை மனைவியே ஒப்புக்கொண்டாள். மனு தள்ளுபடி."