பின்பாதி

காமிக்ஸ் வாங்கினால் நடுவிலிருக்கும் பின்னைக் கழற்றி, மடிப்பில் கிழித்து இரண்டாகப் பிரித்துக்கொள்வது, சின்ன வயதில் தமிழரசனுக்கும் அவன் அக்கா ஜெயசுதாவுக்கும் வழக்கம். முன்பாதி அவனுக்கு. பொறுமையில்லாத அக்காவுக்குப் பின்பாதி. அவள் முடிவைச் சொல்லி அவனை வெறுப்பேற்றிவிட்டுத்தான் பாதியை மாற்றிக்கொள்வாள்.

அக்கா போன வருஷம் இறந்துவிட்டாள். அதே சூப்பர்ஹீரோ கதைகள் இப்போது கெட்டி அட்டைத் தொகுப்பாகக் கள்ளக்குறிச்சிக்குப் பார்சலில் வந்தன. தினமும் மருந்துக்கடையைத் திறக்குமுன் கொஞ்சம் படித்து, அந்த இடத்தில் பஸ் டிக்கெட்டைச் செருகி வைத்தான். பக்கம் குறிக்கப் புத்தகத்தோடு தைத்திருந்த சிவப்பு நாடாவை அவன் தொடவில்லை. முதலில் நடுப்பக்கத்தில் கிடந்த அது, நாளுக்கு நாள் கடைசிப் பக்கத்தை நோக்கி நகர்ந்தது.

"சுபா, நாடாவை நீ மாத்தி வெக்கிறியா?"

"உங்க சண்டை புக்கைத் தொட்டுக்கினு இருக்கறதா என் வேலை?" என்று சிரித்தாள் மனைவி.

அவன் பாதியை எட்டிய அன்று நாடா கடைசிப் பக்கத்தில் இருந்தது. மேலே புரட்ட மனம் வரவில்லை. முடித்துவிட்டால் அக்காவோடு படிக்க எதுவும் மிச்சமிருக்காது. மூடி வைத்துவிட்டுக் குளிக்கப் போனான்.

திரும்பி வந்தபோது நாடா முதல் பக்கத்துக்கு வந்திருந்தது.

"முடிவைச் சொல்லிடாதக்கா" என்றபடி அவன் பின்பாதியைத் திறந்தான்.